வெளியீட்டுத் தேதியும் தீர்ப்புத் தேதியும்

இந்தியாவில் ஒரு நூல் அச்சேறும் முன் அதை எந்த அதிகாரியிடமும் காட்டி ஒப்புதல் பெற வேண்டியதில்லை. திரைப்படம் அப்படியல்ல. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டப்படி, சான்றிதழ் பெறாத படத்தைப் பொதுமக்களுக்குத் திரையிட முடியாது. சான்றிதழ் தரும் வாரியத்தின் பெயரிலிருந்து ‘தணிக்கை’ என்ற சொல் 1983இல் எடுக்கப்பட்டது. வெட்டச் சொல்லும் அதிகாரம் எடுக்கப்படவில்லை. மக்கள் அதை இன்றும் சென்சார் போர்டு என்றே சொல்வதில் பிழையில்லை. வாரியத்தின் முடிவுகளையும், வாரியம் அனுமதித்த பிறகும் படத்தை மறிக்கும் மாநில அரசுகளின் ஆணைகளையும் சீர்தூக்கிப் பார்க்கும் வேலை நீதிமன்றங்களுடையது. அந்த வேலையில் அவை வகுத்த கொள்கை பெரும்பாலும் உறுதியானது. அது படத்துக்குப் பயன்படும் நேரத்தில் வந்து சேர்கிறதா என்பதுதான் சிக்கல்.

தொடக்கம் இயக்குநர் கே.ஏ.அப்பாஸின் வழக்கு. நான்கு நகரங்களைப் பற்றி அவர் 1968இல் எடுத்த ஆவணப்படத்தில் பம்பாயின் பாலியல் தொழில் நடக்கும் தெருக்கள் காட்டப்பட்டதால் ‘யு’ சான்றிதழ் மறுக்கப்பட்டது. வழக்கு விசாரணைக்கு வந்ததும் அரசு இறங்கிவந்து, வெட்டில்லாமலே ‘யு’ தர ஒப்புக்கொண்டது. அப்பாஸ் விடவில்லை; முன்தணிக்கை என்ற ஏற்பாடே அரசியலமைப்பின் 19ஆம் பிரிவுக்கு முரணானது என்று வாதிட்டார். 1970 செப்டம்பரில் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. மற்றக் கலைகளைவிடத் திரைப்படம் மனத்தை ஆழமாக அசைக்கிறது, அதனால் அதைத் தனியாக நடத்துவது நியாயமே என்றது தீர்ப்பு. கூடவே, முடிவெடுக்கக் காலவரம்பு வேண்டும், அரசிடம் அல்லாமல் தனி அமைப்பிடம் மேல்முறையீடு செய்ய வழி வேண்டும் என்ற எண்ணமும் அந்த வழக்கில் எழுந்தது. பின்னர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒன்று சட்டத்தில் இடம்பெற்றது.

முன்தணிக்கையை ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம், அதன் எல்லையை இறுக்கமாக வரைந்தது ஒரு தமிழ்ப் படத்துக்காக. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறைசொன்ன படம். வாரியத்தின் மறுஆய்வுக் குழு அதற்கு ‘யு’ தந்தது. தேசிய விருதும் கிடைத்தது. சென்னை உயர்நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. தமிழ்நாட்டில் அந்தப் படத்தின் கருத்துக்கு அரசியல் ஆதரவு ஏறக்குறைய இல்லை. இடஒதுக்கீட்டின் வரலாற்றை அறிந்தவருக்கு அதன் வாதம் மேலோட்டமாகவே தோன்றும். ஆனால் 1989 மார்ச் 30 அன்று உச்சநீதிமன்றம் படத்தின் வாதம் சரியா என்று பார்க்கவில்லை. திரையரங்குகள் தாக்கப்படும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டி அரசு பேச்சுரிமையைக் கைவிட முடியாது. மிரட்டுபவரைத் தடுப்பதே அரசின் கடமை என்றது. தடை விதிக்க வேண்டுமானால், படத்துக்கும் கலவரத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துக்கும் தீப்பொறிக்கும் உள்ளது போல நேரடியாக இருக்க வேண்டும். பெரும்பான்மைக்குப் பிடிக்காத கருத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு என்பதாலேயே இத்தீர்ப்புக்கு எடை அதிகம். இதற்குப் பின் வந்த ஏறத்தாழ எல்லா வழக்குகளும் இதைச் சாட்சிக்கு அழைக்கின்றன.

காட்சிகளைத் தனித்தனியே பிய்த்துப் பார்க்காமல் படத்தை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்ற அளவுகோலும் நீதிமன்றத்தின் கொடைதான். 1996இல் சேகர் கபூரின் ‘பாண்டிட் குயின்’ வழக்கில், நிர்வாணக் காட்சி கிளர்ச்சியை அல்ல, அருவருப்பையும் இரக்கத்தையும் எழுப்பவே வந்தது என்று ஏற்கப்பட்டு, டெல்லி உயர்நீதிமன்றம் பறித்த சான்றிதழ் திரும்பக் கிடைத்தது.

இனி மறுபக்கம். சினிமாவுக்கு உயிர் முதல் வாரத்தில் இருக்கிறது. நீதிமன்றத்துக்கு அப்படியொரு வாரம் கிடையாது. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ வெளியாக இருந்தபோது தமிழ்நாட்டின் மாவட்ட ஆட்சியர்கள் 144ஆம் பிரிவின்கீழ்த் தடையாணைகள் பிறப்பித்தனர். ஜனவரி 29 இரவு உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை விலக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தியது. கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து, சில இடங்களில் மாற்றம் செய்ய ஒப்புக்கொண்ட பிறகே பிப்ரவரி 7இல் தமிழ்நாட்டில் படம் வெளியானது. 1989 தீர்ப்பின்படி பார்த்தால் அந்தத் தடையாணைகள் நின்றிருக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை வரவேயில்லை. கடன் வாங்கிப் படமெடுத்தவர் விடைக்காகக் காத்திருக்க மாட்டார், சமரசத்துக்குத்தான் போவார்.

தடை எழுத்தில் இருந்தாலாவது எதிர்த்து மனு போடலாம். ‘பொபிஷ்யோதேர் பூத்’ என்ற வங்கப் படத்துக்கு 2019இல் எழுத்துத் தடை எதுவும் இல்லை. வெளியான மறுநாளே திரையரங்குகளிலிருந்து காணாமல் போயிற்று. மேற்கு வங்கக் காவல்துறையின் வாய்மொழி நெருக்கடி வழக்கில் வெளிப்பட, உச்சநீதிமன்றம் மாநில அரசை 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நல்ல தீர்ப்பு, ஆனால் வந்தது ஏப்ரலில். படம் வெளியானது பிப்ரவரியில். 2018இல் ‘பத்மாவத்’ படத்துக்கு எதிரான மாநிலத் தடைகளை வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. அப்படியிருந்தும் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் திரையரங்கு உரிமையாளர்கள் திரையிடத் துணியவில்லை. கல்லெறிபவனுக்குத் தீர்ப்பு நகல் எட்டுவதில்லை.

சில வேளைகளில் நீதிமன்றமே கத்திரியை எடுத்துவிடுகிறது. வழக்கறிஞர்களைக் கேலிசெய்த ‘ஜாலி எல்எல்பி 2’ படத்துக்கு வாரியம் சான்றிதழ் தந்த பிறகும், 2017இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தனிக்குழு அமைத்துப் படத்தைப் பார்க்கச் செய்தது. நான்கு காட்சிகள் போயின. மற்றவர்களின் புண்பட்ட மனத்தைக் காரணமாக ஏற்காத நீதித்துறை, தன் தொழிலைச் சேர்ந்தவர்களின் மனம் புண்பட்டபோது இளகியது வேடிக்கைதான். 

விரைவு கைகூடாத ஒன்றல்ல. 2016இல் ‘உட்தா பஞ்சாப்’ படத்துக்கு வாரியம் கேட்ட 13 மாற்றங்களைப் பம்பாய் உயர்நீதிமன்றம் ஒரு வெட்டாகக் குறைத்து, வெளியீட்டுக்கு நான்கு நாள் முன்பே முடித்துவைத்தது. அந்த வேகத்துக்குப் பின்னால் பெயர்பெற்ற தயாரிப்பாளர்களும் மூத்த வழக்கறிஞர்களும் இருந்தனர். சிறு படக்காரருக்கு வாய்த்த மலிவான வழி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அது 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. இப்போது உயர்நீதிமன்றமே முதல் வாசல். 2023 சட்டத்திருத்தம் ‘யுஏ’ பிரிவை 7, 13, 16 வயது எனப் பிரித்தது. மேல்முறையீட்டு அமைப்பைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

இதற்கிடையே, ஓடிடி தளத்துக்கென்றே எடுக்கப்படும் படம் வாரியத்தின் பக்கமே போவதில்லை. அதற்குச் சான்றிதழ் தேவையில்லை, 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் மட்டுமே. திரைப்படம் மனத்தை ஆழமாக அசைக்கும் என்பதால் முன்தணிக்கை வேண்டும் என்ற 1970ஆம் ஆண்டின் வாதம், அதே படம் கைப்பேசியில் ஓடும்போது எங்கே போகிறது என்பது சட்டத்தில் விளங்கவில்லை. ஐந்து நீதிபதிகள் தந்த அந்தத் தீர்ப்பை மாற்ற அதைவிடப் பெரிய அமர்வு வேண்டும். அந்தக் கேள்விக்காக அப்படியொரு அமர்வு இன்னும் கூடவில்லை.