பங்கு போட்டால் பெருகாது

6ஜி பற்றிய பேச்சு தொடங்கியதுமே அலைக்கற்றைப் பகிர்வு மென்பொருளுக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டது. புதிய அலைவரிசை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், கையில் உள்ள 5ஜி அலைவரிசையிலேயே 6ஜியையும் சேர்த்து ஓட்டலாம், அதற்கு மென்பொருளில் முதலீடு செய்தால் போதும் என்கிறது கருவி உற்பத்தியாளர் தரப்பு. 4ஜியிலிருந்து 5ஜிக்கு மாறியபோதும் இதே வாக்குறுதிதான் தரப்பட்டது. அதன் விளைவு இன்று கண்முன் இருக்கிறது. அதைப் பார்க்காமல் அடுத்த சுற்றுக்குத் தலையாட்டுவது தவறு.

மென்பொருளின் திறமையை நான் மறுக்கவில்லை. முன்பெல்லாம் புதிய தலைமுறைக்காகப் பழையதிடமிருந்து ஒரு துண்டு அலைவரிசையை நிரந்தரமாக வெட்டிக் கொடுப்பார்கள். புதிய கைபேசிகள் பெருகும்வரை அந்தத் துண்டு பாதி வெறுமையாகக் கிடக்கும். பகிர்வு மென்பொருள் ஒவ்வொரு மில்லி நொடியிலும் தேவையைப் பார்த்து அலைவரிசையை 4ஜிக்கும் 5ஜிக்கும் பிரித்துத் தருகிறது. டவரில் உள்ள ரேடியோ புதியதாக இருந்தால் யாரும் மேலே ஏறக்கூட வேண்டியதில்லை. வெகுதூரம் எட்டும் தாழ்ந்த அலைவரிசையில் 5ஜியைச் சீக்கிரம் பரப்பவும் முடிகிறது. இவை உண்மையான நன்மைகள்.

ஆனால் இந்த மென்பொருள் ஒரு மெகாஹெர்ட்ஸைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை; இருப்பதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது. கணக்கை அருகில் போய்ப் பார்க்கலாம். 4ஜியில் ஒரு மில்லி நொடி என்பது 14 குறியீடுகள், அதாவது 14 சிறு நேரத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் 12 துணை அலைகள் கொண்ட ஒரு தொகுதியை எடுத்தால் மொத்தம் 168 கட்டங்கள். பகிர்வு முறையில் முதல் இரண்டு குறியீடுகள் 4ஜியின் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்குப் போனால் 24 கட்டங்கள் போயின. அடுத்த குறியீடு 5ஜியின் கட்டுப்பாட்டுக்கு, இன்னும் 12. நான்கு ஆன்டெனா கொண்ட 4ஜி ரேடியோ, யாரும் பேசாவிட்டாலும் ஓயாமல் அனுப்பும் வழிகாட்டிக் குறிகளுக்காக மீதியில் 16 கட்டங்களை 5ஜி தாண்டிப் போக வேண்டும். மிஞ்சுவது 116. ஒரே குறியீட்டைக் கட்டுப்பாட்டுக்குக் கொடுத்துவிட்டு 5ஜி தனியாக ஓடினால் 156 கிடைத்திருக்கும். இரண்டிலிருந்தும் 5ஜியின் சொந்த வழிகாட்டிக் குறிகளை இன்னும் கழிக்க வேண்டும். பேருந்தின் பெயர்ப்பலகையை மாற்றினால் இருக்கைகள் கூடுவதில்லை. இங்கே சில இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை மாட்டியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வெரைசன் இதைத்தான் நாடு முழுவதும் செய்தது. 2020 அக்டோபர் 13 அன்று, ஆப்பிளின் ஐபோன் 12 அறிமுக மேடையிலேயே, 1,800 நகரங்களில் 20 கோடிப் பேரை எட்டும் 5ஜி தயார் என்று அறிவித்தது. அதன் பெரும்பகுதி, 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற பழைய 4ஜி அலைவரிசைகளைப் பகிர்ந்து எழுப்பிய 5ஜி. பிசிமேக் இதழ் சோதித்தபோது பல இடங்களில் அது வெரைசனின் சொந்த 4ஜியைவிட மெதுவாக இருந்தது. வேகம் வேண்டுமானால் 5ஜியை அணைத்து வையுங்கள் என்று வாசகர்களுக்குச் சொல்லும் நிலை வந்தது.

இதற்கு விலை கொடுத்தது யார்? ஐபோன் 12க்கு முன்பு வந்த எந்த ஐபோனிலும் 5ஜி கிடையாது. அன்றைக்கு அந்த வலையமைப்பில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 4ஜி கைபேசிக்காரர்கள். பகிர்வு தொடங்கியதும் 5ஜியின் அடையாளக் குறிகள் குறித்த இடைவெளியில் ஒலிபரப்பாகியே ஆக வேண்டும். ஒரு 5ஜி கைபேசிகூட இல்லாத தெருவிலும் அந்த நேரம் 4ஜியின் கணக்கிலிருந்துதான் போகிறது. அந்த 4ஜி வாடிக்கையாளரிடம் யாரும் கேட்கவில்லை. மாதக் கட்டணத்தைக் குறைக்கவும் இல்லை. அவருடைய பங்கை எடுத்து இன்னொருவர் திரையின் மூலையில் ‘5ஜி’ என்ற எழுத்தை ஏற்றினார்கள். என்னால் ஏற்க முடியாதது இதுதான். இதைச் சிக்கனம் என்று புகழ்வது அநியாயம்.

வெரைசனே இதை நம்பி நிற்கவில்லை. 2021இல் முடிந்த, சி-பேண்ட் எனப்படும் நடுத்தர அலைவரிசைக்கான ஏலத்தில் 4,500 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அலைவரிசை வாங்கியது. 2022 ஜனவரியில் அதை இயக்கத் தொடங்கிய பிறகுதான் அதன் பரவலான 5ஜிக்கு உண்மையான வேகம் வந்தது. ஸ்பிரிண்டை வாங்கி 2.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கையில் வைத்திருந்த போட்டி நிறுவனமான டி-மொபைல் அதற்குள் வெகுதூரம் முன்னே போய்விட்டது. நம் நாட்டிலும் இதே கதைதான். 2021 ஜனவரியில் ஏர்டெல் ஹைதராபாதில் 1800 மெகாஹெர்ட்ஸில் 4ஜியையும் 5ஜியையும் ஒன்றாக ஓட்டிக் காட்டியபோது 5ஜிக்குத் தயாராகிவிட்டோம் என்று செய்திகள் வந்தன. ஆனால் 2022 ஆகஸ்டில் அதே நிறுவனம் ரூ. 43,084 கோடிக்கு ஏலத்தில் அலைக்கற்றை வாங்கிய பின்பே சேவை தொடங்கியது.

6ஜிக்கு வாதாடுபவர்கள், 5ஜியில் ஓயாத வழிகாட்டிக் குறிகள் இல்லை, அதனால் இந்த முறை இழப்பு குறையும் என்கிறார்கள். குறையலாம். ஆனால் எவ்வளவு இழந்தாலும் அது பழைய கைபேசி வைத்திருப்பவரின் இழப்பாகத்தான் இருக்கும். இந்தியாவில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கைபேசி மாற்ற அவர்களுக்கு வசதியில்லை.

ஆகவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இப்போதே விதி வகுக்க வேண்டும். பகிர்வைத் தொடங்கும் நிறுவனம், ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்திலும் பழைய தலைமுறைச் சேவையின் வேகம் அதற்கு முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று வெளியிட வேண்டும். வேகம் குறைந்தால் கட்டணமும் குறைய வேண்டும். இந்த இரண்டுக்கும் சம்மதிக்காத நிறுவனத்துக்குப் பகிர்வு அனுமதி தரக் கூடாது.