மதகும் படையும்: ஒரு மருத்துவ உருவகத்தை முன்வைத்து

உடலைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பெரும்பாலான பிரதிகளில் நாலு வரிக்குள் ஒரு போர் தொடங்கிவிடுகிறது. பாடநூல், பத்திரிகையின் மருத்துவப் பக்கம், ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய படம், எதுவானாலும் கதையாடல் ஒன்றுதான். வெள்ளையணுக்கள் சிப்பாய்கள். நிணநீர்க் கணு பாசறை. கிருமி அந்நியன். செல்லின் சவ்வு கோட்டை மதில், அதிலுள்ள வழிகள் காவலர் நிற்கும் வாயில்கள். 2020 மார்ச்சில் மகாபாரதப் போர் 18 நாளில் வெல்லப்பட்டது, கொரோனாவுக்கு எதிரான போருக்கு 21 நாள் ஆகும் என்று நாட்டின் பிரதமரே பேசினார். கேட்ட யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. அந்த அளவுக்கு இந்த உருவகம் நமக்குப் பழகிப்போயிருக்கிறது.

உருவகமே இல்லாமல் அறிவியல் எழுத வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அது ஆகாத காரியம். சூசன் சொன்டாக் 1978இல் காசநோய், புற்றுநோய் குறித்த உருவகங்களையும், எமிலி மார்ட்டின் 1994இல் அமெரிக்கர்கள் நோய்த்தடுப்பைப் பேசும் விதத்தையும் விசாரித்தார்கள். இரண்டுமே சமூகத்தின் பக்கத்திலிருந்து எழுந்த விமர்சனங்கள். இன்னொரு பக்கத்திலிருந்தும் கேட்கலாம் என்று தோன்றுகிறது. அந்தச் செல் நடந்துகொள்ளும் விதம் இந்தப் போர்க்கதைக்கு இடம் கொடுக்கிறதா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'நோயெதிர்ப்பு' என்று சொல்லும்போதே எதிரி வந்து உட்கார்ந்துகொள்கிறான். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்தில் எதிரி கிடையாது. ரோமானியச் சட்டத்தில் அது வரியிலிருந்தும் பொதுக் கடமைகளிலிருந்தும் ஒருவர் பெற்ற விலக்கு. நம்ம கல்வெட்டுத் தமிழில் சொன்னால் கிட்டத்தட்ட 'இறையிலி'. ஈழத்துப் பாடநூல்கள் 'நிர்ப்பீடனம்' என்கின்றன. பீடிப்பு இல்லாத நிலை. அதிலும் வாள் இல்லை. ஆக, போர் இந்தச் சொல்லோடு பிறந்ததல்ல. பின்னால் ஏற்றி வைத்தது.

அடுத்தது 'அயனிக் கால்வாய்'. செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னேற்றம் உள்ள அயனிகளால் அதைத் தாமாகக் கடக்க முடியாது. கடப்பதற்குச் சவ்வில் சில புரதங்கள் பதிந்திருக்கின்றன. இவற்றில் பலவும் தேவைப்படும்போது திறந்து, பிறகு மூடிக்கொள்பவை. கால்வாய் அப்படி இல்லை, அது பாட்டுக்குக் கிடக்கும். எனவே இந்தக் கட்டுரைக்குள் 'மதகு' என்றே சொல்கிறேன்.

எர்வின் நேயரும் பெர்ட் ஸாக்மனும் 1976இல் நுண்ணிய கண்ணாடிக் குழலைச் சவ்வின் மேல் வைத்து ஒற்றை மதகு வழியாக ஓடும் மின்னோட்டத்தை அளந்துகாட்டினார்கள். 1991இல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பு, தசை சார்ந்தே அதிகம் பேசப்பட்டுவந்த இந்த மின்னோட்டத்தை 1984இல் மனித டி செல்லிலும் கண்டார்கள். அது பொட்டாசிய மதகு. பின்னால் கேவி 1.3 என்று பெயர் பெற்றது. பொட்டாசியம் வெளியேறினால் செல்லின் உட்புறம் எதிர்மின் நிலையில் நிற்கும். அந்த எதிர்மின் நிலை கால்சியத்தை உள்ளே இழுக்கும். செல்லுக்கு வெளியே கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப்போல ஏறத்தாழ 10,000 மடங்கு. மதகு திறந்தால் போதும், பாய்ந்து வரும்.

கால்சிய மதகின் பெயர் ஓராய். அதை யார் திறக்கிறார்கள்? செல்லுக்குள் கால்சியம் சேர்ந்திருக்கும் ஒரு சிறு குளம் உண்டு. அது வற்றுவதை உணர்கிற புரதம் 2005இல் கண்டறியப்பட்ட ஸ்டிம். உள்குளம் வற்றினால் ஸ்டிம் நகர்ந்து வந்து வெளிமதகைத் திறக்கிறது. தளபதி இல்லை, ஆணை இல்லை. நீர்மட்டம்தான் ஆணை.

ஓராய் 2006இல் கண்டறியப்பட்ட கதை இன்னும் முக்கியம். பிறவியிலேயே கடுமையான தடுப்பாற்றல் குறைபாடு கொண்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது அது. அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் டி செல்கள் இருந்தன, எண்ணிக்கையில் குறையில்லை. ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்ததால் கால்சியம் உள்ளே வரவில்லை. செல்கள் இருந்தும் பயனில்லை. தலையை எண்ணிப் பார்க்கும் படைக்கணக்கு இங்கே எதையும் விளக்காது. பெயர் வைத்தவர்கள் கிரேக்கப் புராணத்துக்குப் போனார்கள். ஓராய் என்போர் சொர்க்க வாயிலைக் காக்கும் சகோதரிகள்: ஒழுங்கு, நீதி, அமைதி. காவல் உருவகம் இங்கேயும் விடவில்லை. ஆனாலும் மூவரில் ஒருத்திகூடப் போர்த்தெய்வம் இல்லை.

சரி, நடைக்கு வருவோம். 2002இல் எலியின் நிணநீர்க் கணுவுக்குள் டி செல்கள் உயிரோடு நகர்வதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். நிமிடத்துக்குச் சுமார் 10 மைக்ரான் வேகம். அணிவகுப்பு எதுவும் இல்லை. இலக்கில்லாமல் திசை மாறி மாறி அலைந்துகொண்டிருந்தன. கால்சியம் ஏறினால் டி செல் உருண்டு நின்றுவிடும் என்பது 1990களிலேயே தெரிந்திருந்தது. 2017இல் வெளியான ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. எந்த அந்நியப் பொருளையும் சந்திக்காதபோதுகூட அலையும் செல்லில் அவ்வப்போது கால்சியம் சிறிது ஏறுகிறது. ஏறும்போது செல் தயங்குகிறது. ஓராய் மதகின் வேலையைத் தடுத்தால் நடை நிற்கவில்லை. நிற்பது குறைந்து சராசரி வேகம் கூடுகிறது!

போர் உருவகத்தில் வளர்ந்த மனம் இதை எதிர்பார்க்காது. வாயிலை அடைத்தால் சிப்பாய் முடங்க வேண்டும், இல்லையா? இங்கே மதகின் வேலை நிறுத்துவது. பக்கத்துச் செல் தன் மேற்பரப்பில் எதைத் தூக்கிக் காட்டுகிறது என்று தடவிப் பார்க்க அவகாசம் வேண்டும். நிற்காமல் ஓடுகிற செல் அதிக தூரம் போகும், ஆனால் எதையும் சரியாகப் பார்க்காது. தேடலுக்கு ஓட்டம், நிறுத்தம் இரண்டும் வேண்டும் என்பதே அந்த ஆய்வாளர்கள் வந்தடைந்த இடம்.

பொட்டாசிய மதகின் கதை வேறு. கரீபியக் கடலில் வாழும் ஒரு கடல் அனிமோனின் நஞ்சு கேவி 1.3ஐ அடைக்கக்கூடியது. 2008இல் அதிலிருந்து உருவாக்கிய பொருளை எலிகளில் சோதித்தபோது, அழற்சி கண்ட திசுவில் வீரியத்தோடு உலவிய நினைவு டி செல்களின் நடை அடங்கியது. கணுவுக்குள் அலைந்த மற்ற டி செல்களின் நடையில் மாற்றமில்லை. ஒரே உடலில், ஒரே வகைச் செல்லில், ஒரு மதகு ஓரிடத்தில் முக்கியம், இன்னோரிடத்தில் அவ்வளவு இல்லை. ஒட்டுமொத்தமாகப் 'படை' என்று சொன்னால் இந்த வேறுபாடு காணாமல் போகிறது.

இதெல்லாம் வெறும் சொல் விளையாட்டா? இல்லை. லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். அப்படி ஒரு பெண்ணிடம் 'உன் படையே உன்மேல பாயுது' என்று விளக்கப்படுகிறது. வீட்டிலும் வெளியிலும் உடம்பின்பொருட்டு ஏற்கனவே குற்றவாளியாக்கப்பட்டவள், இப்போது தன் ரத்தத்துக்குள்ளேயே துரோகியைத் தேட வேண்டும். நோயோடு சேர்த்து ஒரு குற்றச்சாட்டையும் அவள் சுமக்கிறாள். உருவகத்தின் அதிகாரம் செயல்படும் இடம் இது.

நியூட்ரோபில்கள் பாக்டீரியாவைக் கொல்கின்றன, அதை மறைக்க வேண்டியதில்லை. கொலை நடப்பதாலேயே எல்லாம் போராகிவிடாது என்பதே என் வாதம். மதகு என்ற சொல்லும் பரிசுத்தமானதல்ல. நம்ம ஊர்களில் மடை திறந்து ஊருக்கெல்லாம் நீர் பாய்ச்சிய மடைக்குடும்பர்களில் பலருக்குச் சொந்தமாக நிலம் இருந்ததில்லை. மதகு என்றதுமே திறப்பவன் யார், விளைச்சல் யாருக்கு என்ற கேள்வி வரும். வரட்டும். கேள்வியைக் கூட்டிக்கொண்டு வருகிற உருவகம், கேள்வியை அடக்குகிற உருவகத்தைவிட மேல்.

தமிழில் அறிவியல் எழுதுபவர்கள் 'சிப்பாய்' என்று பேனா தானாகப் போகும் இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். அந்தப் பெண்ணிடமும் வேறு மாதிரி சொல்ல முடியும்: 'உன் செல்லுங்க துரோகம் பண்ணலம்மா. எங்க நிக்கணும், எதை விட்டுட்டுப் போகணும்ங்கிற கணக்கு அதுங்களுக்குத் தப்பிப்போச்சு. அந்தக் கணக்குல உப்புக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும்கூடப் பங்கு இருக்கு. அதைச் சரிபண்ண வழி தேடிக்கிட்டிருக்காங்க.' இதில் பொய் எதுவும் இல்லை. குற்றவாளியும் இல்லை.