அடைக்கலமும் உரிமையும்: ஏதிலியர் கல்வி, மருத்துவம் பற்றிய ஒரு சொல்லாய்வு

1. நோக்கம்

போரும் கொடுமையும் துரத்தப் பிறந்த நாட்டை நீங்கிப் பிறநாடு புகுந்த மக்களை அகதி எனவும் ஏதிலி எனவும் வழங்குகின்றோம். அவர்தம் குழந்தைகட்குக் கல்வியும், அவருள் நோயுற்றார்க்கு மருத்துவமும் அளித்தல் அருட்செயலா, அன்றி உரிமைக்குச் செலுத்தும் கடனா என்னும் வினா, சட்டம் வல்லார்க்கே உரியது எனப் பலர் கருதுவர். சட்டமும் சொற்களால் ஆயதே. ஆதலின், சொற்பொருள் ஆராய்வார்க்கும் அவ்வினாவில் பங்குண்டு. ஓர் அடைமொழி நிற்பதும் நீங்குவதும் செய்யுளில் பொருளை வேறாக்கும். சட்டத்தில் ஒருவன் வாழ்வையே வேறாக்கும். ஆகவே, அகதியர் நிலை பற்றிய 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையை உரையாசிரியர் நூலை நோக்கும் முறையில் நோக்கி, அதன் நிறைகுறைகளைத் தமிழ்ச் சொல்வழக்கோடு ஒப்பிட்டுக் காண்டல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தமிழ்ச் சொற்கள்

அகதி என்பது வடசொல். கதி என்பது செல்லும் நெறியையும் சென்று சேரும் புகலையும் குறிக்கும்; அது இல்லாதவர் அகதி. ஏதிலி என்பது தமிழ்ச்சொல். ஏதிலார் எனத் திருக்குறளில் வரும் சொல் பிறர், அயலார் என்னும் பொருளது. முன்னையது இன்மையைச் சுட்டும்; பின்னையது அயன்மையைச் சுட்டும். இரண்டும் வந்தவரின் நிலையைக் கூறுவனவேயன்றி ஏற்பவரின் கடமையைக் கூறுவன அல்ல. வடசொல்லை விலக்கி ஏதிலி என வழங்கியோர் மொழித்தூய்மை பேணினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், உறவென்று வந்தவரை அயலார் எனச் சுட்டும் குறை அச்சொல்லில் எஞ்சி நிற்கின்றது. தமிழக அரசு 2021ஆம் ஆண்டில் அகதிகள் முகாம் என்னும் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றியமை, பழைய சொல்லின் குறை ஆட்சித்துறையிலும் உணரப்பட்டதைக் காட்டும்.

இவ்விரண்டின் வேறாய மற்றொரு சொல் நம் இலக்கியத்தில் உண்டு. அஃது அடைக்கலம் என்பது. சிலப்பதிகாரத்துள் கவுந்தியடிகள் கோவலனையும் கண்ணகியையும் மதுரைப் புறஞ்சேரியில் இடைக்குல மூதாட்டி மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதி, அடைக்கலக் காதை என்றே பெயர் பெற்றது. அடைக்கலம் இழந்ததை ஆற்றாது மாதரி தீப்புகுந்தாள் என்பதை நீர்ப்படைக் காதையில் மாடலன் கூற்றால் அறிகின்றோம். கோவலன் கொலையுண்டதில் மாதரிக்குப் பங்கில்லை. ஆயினும், ஏற்றுக்கொண்டவள் என்ற முறையில் அவள் தன்னைப் பொறுப்பாளி எனக் கருதினாள். எனவே, அடைக்கலம் என்னும் சொல் வந்தவரின் வறுமையை அன்றி, ஏற்றவரின் கடப்பாட்டைச் சுட்டுவது என்பது பெறப்படும்.

அற்றேல், கோவலனும் கண்ணகியும் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்தவர் அல்லரே எனின், அவ்வேறுபாடு உண்மையே; அவர்கள் இழந்த பொருளை ஈட்ட வந்தவர்கள். ஈண்டு யாம் கொண்டது கடமையின் இயல்பை மட்டுமே. வேறொரு குறையும் உண்டு. அடைக்கலப் பொருள் தானே பேசுவதன்று. ஒப்படைப்பார் ஒருவர் வேண்டும். கவுந்தியைப் போல முன்னின்று ஒப்படைக்கும் சான்றோர் கடல் கடந்து வருவார்க்கு வாய்ப்பதில்லை. அவ்விடத்தை நிரப்பவே உடன்படிக்கையும் சட்டமும் தோன்றின எனக் கருதுகின்றோம்.

3. உடன்படிக்கையின் வாசகம்

1951 சூலை 28ஆம் நாள் ஜெனீவாவில் ஏற்கப்பெற்று, 1954 ஏப்பிரல் 22 முதல் நடைமுறைக்கு வந்த இவ்வுடன்படிக்கை 46 பிரிவுகளை உடையது. கல்வி பற்றியது 22ஆம் பிரிவு. தொடக்கக் கல்வியில் அகதியர்க்குக் குடிமக்களோடு ஒத்த நிலை அளித்தல் வேண்டும் என்பது அதன் முதற்கூறு. அதற்கு மேற்பட்ட கல்வியில் இயன்ற அளவு நலந்தரும் நிலையும், எவ்வாற்றானும் ஏனைய அயல்நாட்டார்க்குக் குறையாத நிலையும் அளித்தல் வேண்டும் என்பது இரண்டாம் கூறு. பிறநாட்டுச் சான்றிதழ்களை ஏற்றல், கட்டணம் குறைத்தல், உதவித்தொகை வழங்கல் ஆகியவற்றை இக்கூறு பெயர் சுட்டி உரைக்கின்றது.

இங்கே நோக்கத்தக்கன இரண்டு. ஒன்று, முதற்கூற்றில் அகதியர் என்னும் சொல் அடைமொழியின்றி நிற்றல். சட்டப்படி தங்கியிருப்போர் என்னும் வரையறை அங்கில்லை. ஆதலின், உரிய ஆவணமின்றி வந்த குழந்தைக்கும் தொடக்கப் பள்ளி மூடப்படவில்லை. மற்றொன்று, இரு கூறுகட்கும் இடையே உள்ள இறக்கம். தொடக்கப் பள்ளியில் குடிமக்களின் பிள்ளைகளோடு ஒருங்கு வைக்கப்பட்ட சிறுவன், அப்பள்ளி முடிந்ததும் அயல்நாட்டாரோடு வைக்கப்படுகிறான். இயன்ற அளவு என்னும் தொடர் கொடுப்பவரின் இயல்பையே அளவுகோலாகக் கொண்டது. கற்க விழைபவன் அதனைக் கொண்டு வழக்காடுதல் அரிது.

மருத்துவத்திற்குத் தனிப்பிரிவே இல்லை. 23ஆம் பிரிவு பொது உதவியில் குடிமக்களோடு ஒத்த நிலை கூறுகின்றது. வறியார்க்கு அரசு அளிக்கும் மருத்துவம் அதனுள் அடங்கும் எனப் பொருள் காண்பர். 24ஆம் பிரிவு சமூகப் பாதுகாப்பைக் கூறுமிடத்து மகப்பேறு, நோய், உடற்குறை ஆகியவற்றை எண்ணுகின்றது. ஆனால், இவ்விரு பிரிவுகளிலும் சட்டப்படி தங்கியிருப்போர் என்னும் அடைமொழி நிற்கின்றது. பள்ளிவாயிலில் கேளாத சான்று மருத்துவமனை வாயிலில் கேட்கப்படுவதற்கு இவ்வாசகம் இடந்தருகின்றது. கல்வியினும் நோய் காத்திராது. ஆகலின், இஃது உடன்படிக்கையின் பெருங்குறை என்றே யாம் கொள்கின்றோம்.

மொழியாததனை முட்டின்றி முடித்தல் எனத் தொல்காப்பியர் ஓர் உத்தி கூறுவர். பின்னெழுந்த உடன்படிக்கைகள் இக்குறையை ஒருவாறு அவ்வாறே முடித்தன. 1966ஆம் ஆண்டின் பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமை உடன்படிக்கை நலவாழ்வையும் கல்வியையும் குடிமகன் என்னாது ஒவ்வொருவர்க்கும் உரியவாக்கிற்று. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை அகதிக் குழந்தையைத் தன் 22ஆம் பிரிவில் தனியே எடுத்துரைத்தது.

4. இந்திய நிலை

இந்தியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் அதன் வரம்பை விரித்த 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் சேரவில்லை. ஆயினும், மேற்கூறிய பின்னைய இரண்டினை முறையே 1979, 1992ஆம் ஆண்டுகளில் ஏற்றது. அரசியலமைப்பின் வாசகமும் கருதத்தக்கது. 19ஆம் பிரிவு குடிமக்களைக் குறிப்பது. உயிரைக் காக்கும் 21ஆம் பிரிவோ எவரையும் குறிப்பது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 21அ பிரிவு ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகட்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியைக் கூறுகின்றது. குடிமக்களின் குழந்தைகள் என அது கூறவில்லை.

1996ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அளித்த இரு தீர்ப்புகளை இணைத்து நோக்குதல் தகும். அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்கள் பற்றிய வழக்கில், குடிமகனாயினும் அல்லனாயினும் ஒவ்வொருவர் உயிரையும் காத்தல் அரசின் கடன் என அம்மன்றம் கூறிற்று. மேற்கு வங்காளத்திலிருந்து வந்த மற்றொரு வழக்கில், அரசு மருத்துவமனை உரிய காலத்தில் அவசர மருத்துவம் அளியாமை 21ஆம் பிரிவை மீறுதலாகும் என்றது. இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின், உயிர்க்கு இடருற்ற ஏதிலியர்க்கு மருத்துவம் உரிமையாதல் தெளிவு.

தமிழகத்தில் 1983 முதல் வந்த ஈழத்தமிழரின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் பயின்றனர். அரசு மருத்துவமனைகளும் அவர்கட்குத் திறந்திருந்தன. சட்டம் கட்டாயப்படுத்தாத காலத்தும் இவ்வாறு செய்தமை போற்றத்தக்கது. ஆனால், 1991ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளின் பின்னர் அம்மாணவர்க்கு அளிக்கப்பட்டிருந்த கல்விச் சலுகைகள் நிறுத்தப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்தே மீண்டன. பிறர் செய்த கொலைக்கு மாணவர் தம் படிப்பை இழந்தனர். சலுகை என்னும் சொல்லின் முழுப்பொருளும் இங்கே விளங்கும். கொடுத்த கை அதனை மீட்டுக்கொள்ளலாம். ஏன் மீட்டாய் எனக் கேட்க இடமில்லை. அவ்வாண்டுகளில் படிப்பு முறிந்தவர்க்குப் பின்வந்த ஆணைகள் கழிந்த காலத்தை மீட்டுத் தரவில்லை.

5. முடிவு

மேற்கண்டவற்றால், அகதி, ஏதிலி என்னும் சொற்கள் இரக்கத்தை எழுப்புவன என்பதும், அடைக்கலம் என்பது ஏற்றவரின் கடமையை உணர்த்துவது என்பதும், உரிமை ஒன்றே வந்தவர் தாமே கேட்டற்கு இடந்தருவது என்பதும் பெறப்பட்டன. நம் மரபு கடமை வரை வந்து நின்றது. உடன்படிக்கை உரிமையைத் தொடங்கி மருத்துவத்திலும் உயர்கல்வியிலும் தளர்ந்தது. ஏதிலியர் பற்றிய சட்டங்களையும் ஆணைகளையும் தமிழாக்கும் பணியில் சலுகை, உதவி, உரிமை என்னும் மூன்றையும் ஒருபொருட் பன்மொழியாக ஆளும் வழக்கம் நீங்குதல் வேண்டும். உரிமை என மூலம் கூறுமிடத்துச் சலுகை என எழுதுவது மொழிபெயர்ப்புப் பிழை மட்டுமன்று. கேட்க வந்தவனை இரந்து நிற்கச் செய்வதும் ஆகும். இவ்வகையில் ஆட்சித்தமிழ் ஆணைகளைத் தொகுத்து ஆராய்தல் முதுகலை மாணவர்க்குத் தக்கதொரு பணி எனக் கருதுகின்றோம்.