சிறு படைவீரர் உருவங்களில் ஒளியும் நிழலும்: ஒரு மதிப்பீடு

சிறு படைவீரர் உருவங்கள் என்பவை களிமண், ஈயம், பிளாஸ்டிக் முதலியவற்றால் செய்யப்படும் சில அங்குல உயரப் போர்வீரர் பொம்மைகள் ஆகும். உலகச் சேகரிப்பாளர்களிடையே 54 மில்லிமீட்டர் பரவலான அளவு. புதுக்கோட்டைப் பகுதியில் இவற்றுக்கு நெருங்கிய உறவு இரண்டு உண்டு. ஒன்று கொலுப்படியில் நிற்கும் சிப்பாய்ப் பொம்மை. மற்றொன்று அய்யனார் கோயில் வாசலில் அரிவாள் ஏந்தி நிற்கும் பெரிய காவல் வீரன். இரண்டையும் ஒரே எனாமலால், ஒரே முறையில் பூசுவது சரியல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

காரணம் எளிது. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் குதிரை ஏறத்தாழ 33 அடி உயரம். வெயிலே அதற்கு ஓவியர். கழுத்தின் கீழ் நிழலையும் முதுகில் வெளிச்சத்தையும் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் அது தீட்டிவிடுகிறது. அத்தகைய உருவத்துக்குத் தட்டையான நிறம் போதும். அண்மைக் காலத் திருப்பணிகளில் ஸ்பிரே கொண்டு கன்னத்திலும் தோளிலும் வெளிச்சம் அடிக்கிறார்கள். வெயில் மறுபக்கம் வந்ததும் அந்தப் பொய் வெளிச்சம் நிழலுக்குள் நின்று விழிக்கிறது.

மூன்று அங்குலப் பொம்மையின் நிலை நேர்மாறானது. மூக்கின் நிழலும் சட்டை மடிப்பின் நிழலும் கண்ணுக்கு எட்டாத அளவு சிறியவை. அவற்றைத் தூரிகைதான் தர வேண்டும். முதலில் அடிநிறம், பள்ளங்களில் அதைவிட அடர்ந்த நிறம், மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, முழங்கை, தொப்பியின் மேல்விளிம்பு ஆகிய மேடுகளில் வெளிர்நிறம். அக்ரிலிக்கைத் தண்ணீரில் நன்கு நீர்க்கச் செய்து பல மென்பூச்சுகளாக ஏற்றினால் நிறங்களின் எல்லைக்கோடு கரையும். சிவப்புச் சட்டைக்கு வெளிச்சம் காட்ட வெள்ளை கலப்பது மாணவர்கள் வழக்கமாகச் செய்வது. சட்டை ரோஜா நிறமாகிவிடும். ஆரஞ்சைச் சிறிது சேர்க்க வேண்டும். நிழலுக்கும் கறுப்பைவிடக் கரும்பழுப்பே நல்லது.

பளபளக்கும் எனாமல் இங்கேதான் கெடுக்கிறது. விளக்கொளி அதில் பட்டு, நாம் தீட்டாத இடத்தில் ஒரு வெள்ளைப்புள்ளி மின்னும். பார்ப்பவர் நகர்ந்தால் அதுவும் நகரும். லண்டனின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893 முதல் வார்த்த உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களும் இத்தகைய பளபளப்புப் பூச்சு கொண்டவையே. ஆனால் அவை பிள்ளைகள் கையில் புரள வேண்டிய விளையாட்டுச் சாமான்கள்; அவற்றுக்கு அது பொருந்தும்.

இதை மேலைநாட்டுச் சரக்கு என ஒதுக்க வேண்டியதில்லை. விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரப் பகுதி நிழல் தீட்டுதலை வர்த்தனை என்று பெயரிட்டு மூவகையாகப் பிரிக்கிறது: இலை நரம்பு போன்ற கோடுகள், மென்மையான பூச்சு, புள்ளிகள். இன்றைய பொம்மை ஓவியர் தூரிகை நுனியால் புள்ளி வைத்து நிறம் இணைப்பது அந்த மூன்றாம் வகையேதான். புதுக்கோட்டை மாணவர்கள் தொலைவு போக வேண்டாம். சித்தன்னவாசல் விதானத்தின் தாமரைக் குளத்தை நின்று பார்த்தால் பாடம் கிடைக்கும்.

வாங்குபவர் பேரம் பேசும் விலையில் நான்கு பூச்சு கட்டுப்படியாகாது என்று பொம்மைக் கலைஞர்கள் சொல்வது நியாயமே. சட்டையையும் காலணியையும் தட்டையாக விட்டுவிடலாம். முகத்தில் மட்டும் கண்குழியில் ஒரு பழுப்புத் தீற்றல், மூக்கிலும் கன்னத்திலும் ஒரு வெளிர் தீற்றல் போதும். ஒரே அச்சில் வந்த பத்துச் சிப்பாய்களும் அதனால் பத்து ஆட்களாகிவிடுவார்கள்.