நிற்கும் இடமும் தெரியும் சிற்பமும்

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபத்தில் ஒரு தூணில் ராமன் வில்லை வளைத்து நிற்கிறான். சற்றுத் தள்ளி இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் மல்லுக்கட்டுகிறார்கள். ராமனோடு ஒட்டி நின்று, அவன் பார்க்கும் திசையில் பார்த்தால் அண்ணன் தம்பி சண்டை பளிச்சென்று தெரியும். அப்படியே நடந்துபோய் வாலியின் பக்கத்தில் நின்று திரும்பிப் பாருங்கள். ராமன் இருக்கமாட்டான். தூண் வரிசைக்குள் மறைந்து போயிருப்பான்.

வாலியை மறைந்து நின்று கொன்றது தகுமா என்று தமிழில் எத்தனை பட்டிமன்றங்கள் நடந்திருக்கும்! இந்தச் சிற்பி எந்தக் கட்சியும் பேசவில்லை. நம்மைக் கொண்டுபோய் வாலி நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டான். கம்பனில் வாலி, மார்பில் பாய்ந்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் பொறித்த பெயரைப் படித்த பிறகுதான் எய்தவன் யாரென்று அறிகிறான். அவன் ஏன் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது என்பது இந்த மண்டபத்தில் நின்றால் காலுக்கே புரிகிறது. கல்லைச் செதுக்கியவன் கல் இல்லாத இடைவெளியையும் சேர்த்துச் செதுக்கியிருக்கிறான்.

சேலத்திலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்பிவிடக்கூடிய ஊர்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றையெல்லாம் நினைத்துப் பார்க்கிறேன். இந்த ஒரு குணம் அவற்றில் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. எங்கே நிற்கிறோம், எந்த நேரத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அவை தம்மைக் காட்டுகின்றன. உள்ளே போய், கும்பிட்டு, படம் எடுத்து, வெளியே வருகிறவருக்கு அவை பாதிதான் கிடைக்கும்.

தாரமங்கலத்திலேயே இன்னும் கொஞ்சம் நிற்கலாம். கெட்டி முதலிகள் மதுரை நாயக்கர்களுக்கு அடங்கிய பாளையத்தலைவர்களாக இந்த வட்டாரத்தை ஆண்டவர்கள். தலைமுறை தலைமுறையாக எடுத்துக்கட்டி, 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தார்கள். பேரரசர்கள் கட்டியதல்ல, ஒரு சிறிய நாட்டுத் தலைவர் குடும்பம் கட்டியது. அதனால்தானோ என்னவோ, அளவால் மிரட்டும் எண்ணம் இங்கே இல்லை. கைவேலையால் மயக்கும் எண்ணம் இருக்கிறது.

யாளியின் வாயில் உருளும் கல்லுருண்டையை எல்லோரும் காட்டுவார்கள். விரலை விட்டு உருட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். நகராமல் பற்களைப் பாருங்கள். பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள சந்து உருண்டையைவிடச் சிறியது. ஆக, உருண்டை வெளியிலிருந்து உள்ளே போனதல்ல. யாளியின் வாயாக ஆகவேண்டிய கல்லின் நடுப்பகுதியே உருண்டையாயிற்று. பற்களின் சந்து வழியாகவே உளியை நுழைத்து, சுற்றியிருந்த கல்லைத் துளித்துளியாகக் கழித்து, கடைசியில் அதை ஒட்டிலிருந்து விடுவித்திருக்கிறார்கள். கருங்கல்லில் உடைந்த பல்லை ஒட்டவைக்க வழி கிடையாது. ஓர் அடி தவறினால் முழுத் தூணும் வீண். உருண்டை முதன்முதலாகப் பிடிவிட்டு அசைந்த அந்த நொடியில் சிற்பியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இங்குள்ள கல்சங்கிலியும் அதே வித்தைதான். விதானத்தைப் பார்க்கக் கழுத்து வலிக்க அண்ணாந்துதான் ஆகவேண்டும். கல்தாமரை விரிந்து கவிழ்ந்திருக்கிறது. அதைச் சுற்றிக் கிளிகள் தலைகீழாகத் தொங்குகின்றன. கிளி பூவைக் கொத்தும்போது எப்படித் தொங்குமோ அப்படியே தொங்குகிறது. கூரையில் இருப்பதால் தலைகீழ், கிளியாக இருப்பதால் இயல்பு. கூரைக்கென்று ஒரு கிளியை யோசித்திருக்கிறான் அந்த மனிதன். சுவரில் செதுக்கும் கிளியைக் கூரையிலும் ஒட்டிவிடவில்லை.

ரதி, மன்மதன் சிற்பங்களிலும் வாலி சிற்பத்தின் ஒளிந்து விளையாடும் ஏற்பாடு உண்டு என்று கோயிலில் சொல்வார்கள். ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து மற்றவர் தெரிவார், மறுமுனையிலிருந்து தெரியமாட்டார். ஒரே உத்தி மரணத்துக்கும் காதலுக்கும் பொருந்திவிடுகிறது.

கோயில் மேற்குப் பார்த்தது. மாசி மாதத்தில் 9, 10, 11 தேதிகளில் சாயங்கால வெயில் வாசல்களையெல்லாம் கடந்து கருவறை லிங்கத்தின்மேல் விழுகிறது. அந்த மூன்று நாளும் கூட்டம் நெரியும். மற்ற நாட்களிலும் நாலரை மணிக்கு மேல் போவதே நல்லது. சாய்வெயில் தூண்களின் பக்கவாட்டில் விழும்போதுதான் குதிரையின் பிடரிமயிரும் வீரனின் கச்சையும் தனித்தனி இழையாக எழுகின்றன. உச்சிவேளையில் எல்லாம் ஒரே கறுப்பு. சில சிற்பங்களின்மேல் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய சுண்ணாம்பும் ஏறியிருப்பதைப் பார்க்கும்போது மனம் கசிகிறது. பக்தியோடு செய்வதுதான். ஆனால் அந்தச் சிற்பி நகத்தின் நுனி அளவு செய்த வேலையை நாம் விரல் தடிமனில் மூடுகிறோம். அடுத்த முறை திருநீறும் குங்குமமும் கையில் மிஞ்சினால் அதற்கென்று வைத்த கிண்ணத்தில் போட்டுவிட்டு வாருங்கள்.

நாமக்கல்லுக்குக் காலையில் போகவேண்டும். ஊர் நடுவே ஒரே பாறை, சுமார் 65 மீட்டர் உயரம், பக்கத்தில் துணைக்கு ஒரு குன்றுகூட இல்லை. லாரிகளும் முட்டை வண்டிகளும் ஓயாமல் ஓடும் ஊர் அந்தப் பாறையைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. பாறையின் மேற்கு முகத்தில் நரசிம்மர் குடைவரை, கிழக்கு முகத்தில் அரங்கநாதர் குடைவரை, உச்சியில் கோட்டை. குடைவரைகள் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல்வெட்டு அதியர் மரபைச் சேர்ந்த குணசீலன் பெயரையும், 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்ற பெயரையும் சொல்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் வழிவந்தவர்கள் என்று தம்மைக் கருதியவர்கள் இங்கே மலையைக் குடைந்து பெருமாளை வைத்தார்கள் என்பதே எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நரசிம்மர் குடைவரையில் நேராகப் பார்த்தால் அமர்ந்த நரசிம்மர். சினமெல்லாம் அடங்கிய கோலம். பக்கச் சுவரில் இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர். உக்கிரமும் சாந்தமும் ஒரே அறைக்குள், ஒரே கல்லில். பெரும்பாலோர் நடுவில் இருப்பவரைக் கும்பிட்டுவிட்டு வரிசையோடு வெளியேறிவிடுகிறார்கள். கொஞ்சம் தலையைத் திருப்பினால் போதும், கதையின் முதற்பாதி அங்கே இருக்கிறது. வராகர் பூமிதேவியை ஏந்தியிருக்கிறார். வைகுண்டநாதர் பாம்பின் சுருளில் அமர்ந்திருக்கிறார். திரிவிக்கிரமன் சிற்பத்தை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். கீழே குள்ள வாமனன் மாவலியிடம் தாரை வார்த்த நீரை வாங்குகிறான். அதே சட்டகத்தில் அவனே நெடுமாலாகி விண்ணை நோக்கிக் காலை வீசுகிறான். நீர் விழும் கணத்துக்கும் கால் உயரும் கணத்துக்கும் நடுவே சிற்பி கோடு போடவில்லை. கண்தான் கீழிருந்து மேலே ஏறவேண்டும். ஏறும்போது வாமனன் வளர்கிறான்.

பாறையைச் சுற்றிக் கிழக்கே வந்து படியேறினால் அரங்கநாதர். கிடந்த கோலத்தை முழுதாக ஒரே பார்வையில் வாங்க முடிவதில்லை. தூண்களின் இடைவெளி வழியாகத் திருமுகம், திருவுந்தி, திருவடி என்று நகர்ந்து நகர்ந்துதான் பார்க்கவேண்டும். இங்கே பக்கச் சுவரில் சங்கரநாராயணர் இருக்கிறார். பாதி சிவன், பாதி திருமால். விஷ்ணுவுக்கென்று குடைந்த கோயிலில் சிவனுக்குப் பாதி உடம்பு தந்த அந்தப் பெருந்தன்மை பாராட்டத்தக்கது.

மேற்கே ஆஞ்சநேயர், 18 அடி, தலைக்குமேல் கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கிறார். அவர் கண்மட்டமும் நரசிம்மர் திருவடி மட்டமும் ஒன்று என்று ஊரில் சொல்வார்கள். நடுவில் தெருவும் கடைகளும் சுவர்களும் வந்துவிட்டாலும் அந்தப் பார்வைக் கோடு மட்டும் அறுபடவில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. மார்கழியில் அனுமன் ஜெயந்திக்கு 1,00,008 வடைகளைக் கோத்து மாலை சாத்துவார்கள். மிளகு தூக்கலான, தட்டையான, கெட்டியான வடை, நாள்பட்டாலும் கெடாது. நாமகிரித் தாயாரை விட்டுவிட்டு வரக்கூடாது. கணிதமேதை ராமானுஜனின் குலதெய்வம் இவர். தம் சூத்திரங்களை இவரே கனவில் அருளியதாக அவர் சொல்லிக்கொண்டார்.

கோட்டைக்கு ஏறும் படிகள் பாறையிலேயே வெட்டியவை. பத்து மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள். அதன்பின் பாறை கால் வைக்கவிடாது. மேலே மதில் பாறையின் விளிம்பையே அளவாகக் கொண்டு வளைந்து போகிறது. பாறை எங்கே உள்வாங்குகிறதோ அங்கே மதிலும் உள்வாங்குகிறது. அங்கிருந்து பார்த்தால் வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை நீலச்சுவராக எழுந்து நிற்கும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கவேண்டும், இந்த நாளோடு சேர்க்காதீர்கள்.

திருச்செங்கோட்டுக்கு வண்டிப்பாதை உண்டு. இருந்தாலும் ஒருமுறையாவது படிவழி ஏறவேண்டும். சுமார் 1,200 படிகள். பாதி வழியில் பாறையிலேயே அறுபதடி நீளத்துக்கு நாகம் செதுக்கியிருக்கிறது. மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூசி உயிருள்ளதுபோல் ஆகிவிட்டது. வண்டியில் போகிறவர்களுக்கு இந்தப் பாம்பு இல்லை. அறுபதாம் படி சத்தியப்படி. கொடுக்கல் வாங்கல் தகராறுகளை அங்கே சத்தியம் செய்து தீர்த்துக்கொண்ட காலம் ஒன்றிருந்தது. மேலே மூலவர், ஆண்பாதி பெண்பாதியாக நின்ற கோலம். நாமக்கல் சுவரில் பார்த்த பாதிப்பாதி இங்கே கருவறைக்கே வந்துவிட்டது. வலப்பக்கம் வேட்டிக்கட்டு, இடப்பக்கம் புடவைக்கட்டு என்று அலங்காரத்தில் இரண்டு உடுப்புகள் நடுக்கோட்டில் சந்திக்கின்றன. அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று தேடினால் கிடைக்காது. தீபாராதனை ஒளி ஒருபக்கமிருந்து மறுபக்கம் போகும்போது முகம் மட்டும் ஒன்றாகவே இருக்கும். சம்பந்தர் பாடிய தலம் இது. கந்தரலங்காரத்தில் அருணகிரிநாதர், இந்த மலையின் செங்கோடனைக் காண நான்முகன் தனக்கு நாலாயிரம் கண்கள் படைக்கவில்லையே என்று ஏங்குகிறார். பார்ப்பதன் பசியை இப்படிச் சொன்னவர் வேறு யார்!

சங்ககிரி அங்கிருந்து கூப்பிடு தூரம். மலையடியிலிருந்து உச்சிவரை சுற்றுச் சுற்றாக மதில்கள், வாசலுக்குப் பின் வாசல். உள்ளே பெருமாள் கோயிலும் தர்காவும் உண்டு. 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் தூக்கிலிட்டது இங்கேதான். ஆடிப்பெருக்கில் இங்கே வந்து மாலை போடுகிறவர்கள் இன்றும் ஏராளம். ஏற்றம் கடினம், நிழல் குறைவு, தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளவேண்டும். கோட்டை நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய இடமல்ல. நடந்து களைத்து உணரவேண்டிய இடம்.

தாரமங்கலத்தை முடித்து நேரம் மிஞ்சினால் மேட்டூர். 1934இல் கட்டி முடித்த அணை. அதிகபட்ச நீர்மட்டம் 120 அடி. கர்நாடகத்தில் மழை கொட்டி அணை நிரம்பும்போது 16 கண் மதகில் வெள்ளம் பாய்வதைப் பார்க்கச் சேலமே திரண்டு போகும். நானும் போவேன். ஆனால் அணை வற்றும்போதும் போய்ப் பார்த்திருக்கிறேன். பண்ணவாடிப் பக்கம் நீர் இறங்க இறங்க, அணைக்காக மூழ்கிய ஊரின் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி வெளியே தெரிகிறது, பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுகிறது. ஆனி, ஆடியில் செய்தித்தாள்கள் நந்தியின் படத்தைப் போட்டால் டெல்டாவில் குறுவைக்குத் தண்ணீர் வராது என்று பொருள். சேலத்துக்காரருக்குக் காட்சியாக இருப்பது தஞ்சாவூர்க்காரருக்குக் கலக்கம். ஆகவே அந்த நந்தியை நின்று பார்க்க விருப்பமுள்ளவர்கள் ஆனி, ஆடியில் அல்ல, அதற்குமுன் கோடையிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள். ஜூன் 12இல் குறுவைக்காக மதகு திறக்கும் அளவுக்கு நீர் இருக்கிற ஆண்டாக இருந்தால், நந்தி தெரியாமல் போனாலும் ஏமாற்றம் வேண்டாம். அணைப்பூங்காவுக்கு வெளியே வரிசையாக மீன் வறுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, கடைசிப் பேருந்து எப்போது என்று முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.