புதையற்றீவும் அருஞ்சொற் பயிற்சியும்

றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சன், தம் மனைவியின் முதன்மணத்துப் புதல்வனாகிய 13 வயதுச் சிறுவனை மகிழ்விக்குமாறு 1881 இல் எழுதத் தொடங்கிய ஆங்கில நாவல் 'புதையற்றீவு'. 1883 இல் நூலுருப் பெற்ற இந்நாவலிற் கப்பற்றொழிலுக்குரிய அருஞ்சொற்கள் மலிந்துள்ளன. அவை மாணவர்க்கு இடர்தரும் எனக் கருதிச் சுருக்கப் பதிப்பாளர் சிலர் களைந்துவிடுகின்றனர். இது பெரும் பிழையாகும்.

'கொறக்கிள்' என்னுஞ் சொல்லை நோக்குக. அகராதி அதனைச் சிறு தோணி என்றமையும். நம் மொழியிற் பரிசல் எனலாம். ஸ்ரீவன்சனோ, மரச்சட்டத்தின்மேல் ஆட்டுத்தோல் போர்த்த அதன் அமைப்பை முதலிற் காட்டி, பின்னர்ச் சிறுவன் ஜிம்மை இரவில் அதிலேற்றிக் கடலில் விடுகின்றார். செலுத்துந் திசையொழிந்த எத்திசையும் அது திரும்புகின்றது. ஈற்றிற் கப்பல் மோதி அஃது அமிழும்போது, அச்சொல்லை மறக்கும் மாணவன் யார்?

எளிய சொற்களும் அரும்பொருள் கொள்வதுண்டு. 'கரும்புள்ளி' யாதென ஜிம் வினவ, அஃது ஓர் அழைப்பாணை என்கின்றான் கிழக் கப்பலோட்டி. குருடனொருவன் அதனைக் கையிற் கொடுத்தகன்ற சிறுபொழுதில் அவன் இறந்துபடுவதே முழுப்பொருளையும் உணர்த்துகின்றது.

எனினும், பாய்மரக் கயிறுகளின் பெயர்கள் பல விளக்கமின்றியே வருகின்றன. அவற்றுக்கு வகுப்பாசிரியர் கரும்பலகையிற் கப்பலொன்றை வரைந்து காட்டினாற் போதும். கதையை இடைநிறுத்திச் சொற்பொருள் எழுதுவித்தல் வேண்டா.