முரட்டுத் தாடிக்கு எந்தக் கத்தி?

சவரக்கத்தியின் அலகைப் பக்கவாட்டில் குடையாமல் ஆப்பு போலவே விட்டால் அது வெட்ஜ். ஓரளவு குடைந்தால் ஹாஃப் ஹாலோ. மெலிந்து நெளியும் அளவுக்குக் குடைந்தால் ஃபுல் ஹாலோ. குடையக் குடையக் கூர் ஏறும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. கல்லில் தீட்டும்போது கத்தியின் முதுகும் வாயும் சேர்ந்தே படிவதால், வாயின் கோணம் முதுகின் தடிமனையும் அலகின் அகலத்தையும் பொறுத்தது. 6/8 அங்குல, அதாவது 19 மி.மீ. அகல அலகுக்கு 5.5 மி.மீ. முதுகு இருந்தால் கோணம் சுமார் 16.5 பாகை, நடுவில் எவ்வளவு குடைந்தாலும் அது மாறாது. மாறுவது விறைப்பு. மோவாயில் அடர்ந்த முரட்டு முடி மெல்லிய அலகை நெளிய வைக்கும். வெட்டு பிசகும், அதே இடத்தில் மறுபடி இழுக்க வேண்டிவரும், தோல் எரியும். ஆகவே முரட்டுத் தாடிக்கு என் தேர்வு 6/8 ஹாஃப் ஹாலோ.

டோவோ நிறுவனத்தின் பிஸ்மார்க் போன்ற ஃபுல் ஹாலோ கத்திகளால் முரட்டுத் தாடியையும் வழிக்கிறார்களே என்று கேட்கலாம். வழிக்கலாம், முடி நன்றாக ஊறியிருந்தால். 2020-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த எம்.ஐ.டி. ஆய்வு, எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையான முடி அதன் வாயை எப்படிச் சில்லு பெயர்க்கிறது என்று காட்டியது. முடி வளைந்து, வாயைப் பக்கவாட்டில் தள்ளும்போதுதான் சேதம். சோதித்தது சாதாரண ரேசர் பிளேடை. சவரக்கத்திக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் முடி கடினமாக இருந்தால் கூர் மட்டும் போதாது என்பது தெளிவு. நெய்வேலிச் சுரங்கத்தில் இதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணமே உண்டு. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த கடலூர் மணற்கல், ஜெர்மானிய பக்கெட் வீல் இயந்திரங்களின் பற்களைத் தேய்த்துத் தள்ளியது. பற்களை மாற்றியமைத்ததோடு, முன்கூட்டியே வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தவும் வேண்டியிருந்தது. தாடிக்கு வெந்நீரும் சோப்பு நுரையும் இரண்டு மூன்று நிமிடம் போதும்.

விறைப்புதான் வேண்டுமென்றால் வெட்ஜே வாங்கலாமே? பழைய ஷெஃபீல்டு வெட்ஜ்கள் முரட்டு முடிக்கு அசையாதவைதான். ஆனால் தீட்டும்போது வெட்ஜின் பக்கம் முழுவதும் கல்லில் உரசும், வேலை நீளும். சலூன்களில் பாதி பிளேடு செருகும் கத்தி வந்தபின், தீட்டித் தர ஆள் தேடுவதும் வீண். வீட்டிலேயே தீட்ட வேண்டியவருக்கு வெட்ஜ் சுமை. மூக்கடியில் கையாளவும் சிரமம்.

அந்தப் பாதி பிளேடே போதாதா என்பதுதான் உண்மையில் வலுவான கேள்வி. ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் அதுவே மேல் என்பேன். சுரங்கத் தூசிக்கு முகத்தில் இறுகப் படியும் மாஸ்க் அணிபவர் தினமும் மழிக்க வேண்டும். முளைத்த முடி மாஸ்க்கின் விளிம்பில் இடைவெளி விடும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய வேலைக்குத் தோல்வாரும் கல்லும் தேவையில்லை. நேரம் இருப்பவர், தினம் துடைத்து எண்ணெய் தடவச் சோம்பாதவர், கார்பன் எஃகில் ஹாஃப் ஹாலோ வாங்கலாம். ஈரக்காற்றில் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். சோம்பல் உள்ளவருக்கு ஸ்டெயின்லெஸ்.